காலியாக விடப்படும் கட்டம்: அமெரிக்கப் பள்ளிக்கூடத்து ஸ்பானிஷ் குறித்துச் சில விளக்கங்கள்

ஸ்பானிஷ் வினைச்சொல் அட்டவணையில் ஆறு கட்டங்கள் இருக்கும். யோ (நான்), தூ (நீ), எல்/எய்யா/உஸ்தேத் (அவன், அவள், மரியாதையாக நீங்கள்) என்று இடதுபக்கம் மூன்று. நோஸோத்ரோஸ் (நாம்), வோஸோத்ரோஸ் (நீங்கள் பலர்), எய்யோஸ்/உஸ்தேதெஸ் (அவர்கள், நீங்கள் பலர்) என்று வலதுபக்கம் மூன்று. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஓர் அரசுப் பள்ளியில் 2008இல் நான் ‘ஸ்பானிஷ் மூன்று’ வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, முதல் நாளே ஆசிரியை கரும்பலகையில் இந்த அட்டவணையைப் போட்டார். ஐந்து கட்டங்களை நிரப்பினார். வோஸோத்ரோஸ் கட்டத்தில் ஒரு குறுக்குக் கோடு. “இது ஸ்பெயின்ல மட்டும்தான். பரீட்சைக்கு வராது. காலியா விட்டுடுங்க.”

அந்த ஒரு வருஷம் முழுக்க, நூற்றுக்கணக்கான வினைச்சொற்களுக்கு, அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுக்கொண்டு வந்தோம். யாரும் பேசாத ஊரில், யாரும் கேட்காத ஒரு சொல்லுக்கு, தினமும் ஒரு நாற்காலி போட்டு வைத்த மாதிரி. இதில் எனக்கு அப்போது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. என் பின்வரிசையில் எல் சால்வதோர்க்காரர் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். வீட்டில் அவன் ‘வோஸ்’ என்று பேசுகிறவன். ‘உன்னிடம் இருக்கிறது’ என்பதற்குப் பாடநூல் ‘தூ தியேனெஸ்’ என்னும். அவன் ‘வோஸ் தெனேஸ்’ என்பான். முதல் பரீட்சையிலேயே அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்தது. அட்டவணையில் அந்தச் சொல்லுக்குக் கட்டமே கிடையாது. காலிக் கட்டம்கூடக் கிடையாது.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். வோஸ் என்பது அர்ஜென்டினா, உருகுவாய், பராகுவாய் ஆகிய நாடுகளிலும், குவாதமாலா தொடங்கி கோஸ்தா ரிக்கா வரை மத்திய அமெரிக்காவிலும் வழங்குகிறது. அர்ஜென்டினாவின் ஜனத்தொகை மட்டுமே ஸ்பெயினின் ஜனத்தொகைக்கு ஏறத்தாழ நெருங்கி வரும். ஸ்பெயினிலும் எல்லாரும் வோஸோத்ரோஸ் சொல்கிறவர்கள் இல்லை. கனேரித் தீவுகளிலும் அந்தலூசியாவின் மேற்குப் பகுதியிலும் உஸ்தேதெஸ்தான். ஆக, தலைகளை எண்ணி யாரும் இந்தக் கட்டங்களைப் போடவில்லை.

வோஸின் கதையும் சுவாரசியமானதுதான். ஒரு காலத்தில் அது மரியாதைச் சொல். காஸ்தீலியக் கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்துக்கு வந்த காலத்தில், சகலரும் சகலரையும் வோஸ் என்று அழைத்து, அதன் மரியாதை தேய்ந்துபோய்விட்டது. ‘வுவேஸ்த்ரா மெர்ஸேத்’ (தங்கள் கருணை) என்ற புது மரியாதை கிளம்பி, நாளடைவில் உஸ்தேத் என்று குறுகியது. ஸ்பெயின் அரசவை வோஸைக் கைவிட்டது. அரசவையோடு ஒட்டிக்கொண்டிருந்த மெக்ஸிகோ நகரமும் லிமாவும் கைவிட்டன. வைஸ்ராய்களின் வாசனை எட்டாத தூரத்து மாகாணங்களில் அது தங்கிவிட்டது. அதாவது இன்றைக்கு ‘தப்பு’ என்று வட்டம் போடப்படுவது, அரண்மனையிலிருந்து அந்த ஊர் எத்தனை தொலைவில் இருந்தது என்பதற்கான அளவு.

‘இடைநிலை’ என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வேற்றுமொழிப் பாடம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வருஷக்கணக்கில் ஏறும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர ஆங்கிலமல்லாத ஒரு மொழியை இரண்டு வருஷம் படித்திருக்க வேண்டும். மூன்று வருஷம் படித்திருந்தால் நல்லது என்பார்கள். ஆகவே பெரும்பாலோர் இரண்டோடு கழன்றுகொள்வார்கள். மூன்றாம் வருஷம் வருகிறவர்கள் கல்லூரி விண்ணப்பத்துக்கு மெருகு தேடுகிறவர்கள், அல்லது வீட்டிலேயே அந்த மொழியைப் பேசுகிறவர்கள். எங்கள் வகுப்பில் இரண்டு சாராரும் பாதிக்குப் பாதி. நான் ஒருவன்தான் இரண்டிலும் சேராதவன்.

முதல் இரண்டு வருஷத்தில் சாப்பாடு, குடும்பம், உடுப்பு, மணி பார்ப்பது. மூன்றாம் வருஷத்தில்தான் மொழி தன் எலும்பைக் காட்டும்: இரண்டு வகை இறந்தகாலம், ஏவல், சுப்ஹுந்திவோ எனப்படும் விருப்ப-ஐய வினைவடிவம்.

பாடநூல் எதைக் ‘கடினம்’ என்று பெட்டி கட்டி எச்சரித்ததோ, அதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. நான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை, தமிழன் என்பதால். ‘மே குஸ்தா எல் காஃபே’ என்றால் ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’. ‘எனக்கு’ என்பது எழுவாய் அல்ல, பிடிப்பது காப்பி. ஆங்கிலப் பிள்ளைகள் இதில் மாதக்கணக்காக மல்லுக்கட்டினார்கள். அவர்களுக்குக் காப்பியைப் பிடித்துக்கொள்கிறவன் ‘நான்’ ஆகத்தான் இருக்க வேண்டும். அடுத்தது ஆளுக்கு முன்னால் வரும் ‘ஆ’. வீட்டைப் பார்த்தால் ‘வேயோ லா காஸா’. மரியாவைப் பார்த்தால் ‘வேயோ ஆ மரியா’. நாமும் ‘வீடு பார்த்தேன்’ என்று சொல்லலாம். ‘மரியா பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது, ‘ஐ’ போட்டே ஆகவேண்டும். இன்னும் நுட்பமாகப் போகலாம். குறிப்பிட்ட ஆளாக இல்லாதபோது அந்த ‘ஆ’வும் விழுந்துவிடும். ‘பெண் தேடுகிறோம்’ என்றால் கல்யாணத்துக்கு. ‘பெண்ணைத் தேடுகிறோம்’ என்றால் காணாமல் போனவளை. இந்த வித்தியாசத்தை அப்படியே ஸ்பானிஷில் வைக்கலாம். ‘இருப்பது’ என்பதற்கு ‘சேர்’, ‘எஸ்தார்’ என இரண்டு வினை. ‘நான் வாத்தியார்’ என்று நாம் வினையே இல்லாமல் சொல்லும் இடத்தில் சேர். ‘வீட்டுல இருக்கேன்’, ‘களைப்பா இருக்கேன்’ எனும் இடத்தில் எஸ்தார். (எல்லா இடத்திலும் சரிவராது. ‘உயரமா இருக்கான்’ என்பதற்கு அங்கே சேர்தான். சரிவராத இடத்தில் மார்க் போச்சு.)

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், ‘கடினம்’ என்ற சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அந்தப் பாடநூலுக்கு மனசுக்குள் ஒரு மாணவன் இருக்கிறான். அவனுக்கு ஆங்கிலம் தவிர ஒன்றும் தெரியாது. ஸ்பானிஷ் அவனுக்கு ஒரு பயணம். விடுமுறையில் கடற்கரைக்குப் போய் ஓட்டலில் அறை எடுப்பது. அவனுடைய திகைப்புதான் பாடத்தின் வரிசை, அவனுடைய தவறுதான் பயிற்சிகளின் வரைபடம். வகுப்பில் பாதிப்பேர் அந்த மாணவன் இல்லை. இலக்கணப் புத்தகம் தனக்கான வாசகனைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. அந்த அச்சில் பொருந்தாதவர்கள் மொழி தெரிந்தவர்களாக இருந்தாலும் ‘பின்தங்கியவர்கள்’ ஆகிறார்கள்.

இரண்டு இறந்தகாலங்களுக்கு வருவோம். நடந்து முடிந்ததற்கு ப்ரெத்தேரித்தோ. நடந்துகொண்டிருந்ததற்கு, வழக்கமாக நடப்பதற்கு, பின்னணியாக இருந்ததற்கு இம்பெர்ஃபெக்தோ. ‘பேசினேன்’ என்பது ‘அப்லே’; ‘சின்ன வயசுல அவகூடத் தினமும் பேசுவேன்’ என்று நாம் சொல்லும் அந்தப் ‘பேசுவேன்’ இருக்கிறதே, அது ‘அப்லாபா’. சில வினைகளில் காலம் மாறினால் பொருளே மாறும். ‘நோ கெரீயா இர்’: போக விருப்பமில்லாமல் இருந்தது, ஆனாலும் போயிருக்கலாம். ‘நோ கீஸே இர்’: போக மறுத்தேன். விருப்பமின்மையும் மறுப்பும் ஒரே வினைச்சொல்லின் இரண்டு காலங்கள். இயக்கத்தில் இருக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

ஒரு பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னார்கள்: ‘என் தாத்தா இருபது வருஷம் அந்தத் தோட்டத்தில் வேலை ——.’ பாடநூல் விதி என் தலைக்குள் ஓடியது: திரும்பத் திரும்ப நடப்பது, வழக்கம், ஆகவே இம்பெர்ஃபெக்தோ. ‘த்ரபாஹாபா’ என்று போட்டேன். பக்கத்தில் இருந்த மெக்ஸிகோ வீட்டுப் பையன் ‘த்ரபாஹோ’ என்று போட்டான். அவன் சரி, நான் தப்பு. இருபது வருஷம் என்று வேலி கட்டிவிட்டால் எத்தனை தடவை நடந்திருந்தாலும் அது முடிந்த காரியம். ஆனால் அடுத்த கேள்வி: ‘உன் விடைக்கான விதியை எழுது.’ அவன் ஒன்றும் எழுதவில்லை. வெளியே வந்து கேட்டேன். “அப்படித்தான் காதுல விழுது. எங்க தாத்தா வேலை பார்த்தாரு, முடிஞ்சுது, செத்துட்டாரு. அப்புறம் என்னத்துக்கு த்ரபாஹாபா?” அவனுக்கு அந்த வாக்கியம் பயிற்சி இல்லை. அவன் தாத்தா பிராஸெரோவாக வந்தவர். 1942 முதல் 1964 வரை அமெரிக்க அரசும் மெக்ஸிகோ அரசும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி வயல்வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கூலிகள் பிராஸெரோக்கள். ‘கை’ (ப்ராஸோ) என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். ஆரம்ப ஆண்டுகளில் அவர்கள் கூலியில் பத்துச் சதவீதம் சேமிப்பு என்று பிடித்துக்கொள்ளப்பட்டது. பலருக்கு அது திரும்பி வரவே இல்லை. அந்த வினை முடிந்ததா முடியவில்லையா என்று கேட்டால் பாடநூலுக்கு விடை தெரியாது.

எனக்கு விதி தெரிந்திருந்தது, மொழி தெரியவில்லை. அவனுக்கு மொழி தெரிந்திருந்தது, விதி தெரியவில்லை. மதிப்பெண் விதிக்குத்தான். சரி, ஏன் அவனுக்கு விதி தெரியவில்லை? பத்து வருஷமாக அதே மாநிலத்தின் பள்ளிக்கூடத்தில்தானே படித்துக்கொண்டிருந்தான்? இங்கேதான் சரித்திரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

1848இல் குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தில் மெக்ஸிகோவிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் கலிபோர்னியா. 1849ஆம் வருஷத்து மாநில அரசியல் சட்டம் எல்லாச் சட்டங்களையும் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் வெளியிடவேண்டும் என்றது. 1879இல் எழுதிய புது அரசியல் சட்டத்தில் ஸ்பானிஷ் காணாமல் போனது. முப்பதே வருஷம். முதல் உலகப்போர் காலத்தில் ஜெர்மன் எதிர்ப்பு வெறியில் பல மாநிலங்கள் மொழிச்சட்டம் போட்டன. நெப்ராஸ்காவின் 1919ஆம் வருஷத்துச் சட்டத்தைக் கவனித்துப் படிக்கவேண்டும். எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி கற்றுக்கொடுப்பது குற்றம். தாண்டிய பிறகு கற்றுக்கொடுக்கலாம். பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் பைபிள் கதை படிக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு வாத்தியாருக்கு அபராதம் போட்டார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1923இல் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது (மேயர் எதிர் நெப்ராஸ்கா). சட்டம் போனது. அதன் தர்க்கம் போகவில்லை. வீட்டிலிருந்து வரும் மொழி சின்ன வயதில் அபாயம். அது உலர்ந்து உதிர்ந்த பிறகு அதுவே கலாசாரம், பாடம், தகுதி.

டெக்ஸாஸில், மார்ஃபா என்ற சின்ன ஊரில், மெக்ஸிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட ப்ளாக்வெல் பள்ளி இருந்தது. 1954இல் அங்கே ஒரு சவ அடக்கம் நடத்தினார்கள். பிள்ளைகள் சீட்டில் எழுதிக் கொடுக்க, ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’ என்று பெயர் வைத்து, பள்ளி மைதானத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அதற்கப்புறம் ஸ்பானிஷ் பேசினால் அடி. பள்ளி 1965இல் மூடப்பட்டது. இப்போது அந்தக் கட்டடம் தேசிய வரலாற்றுத் தலம், 2022இல் சட்டமாகி 2024இல் முறைப்படி நிறுவப்பட்டது. புதைத்தவர்களே நினைவுச்சின்னமும் வைக்கிறார்கள் என்று ஏளனமாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதற்காக வருஷக்கணக்காக அலைந்தவர்கள் அங்கே படித்து அடிவாங்கிய முன்னாள் மாணவர்கள்தான். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் 1968 மார்ச்சில் ஆயிரக்கணக்கான உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியேறியபோது அவர்களின் கோரிக்கைகளில் இருமொழிக் கல்வியும் இருந்தது. அதே வருஷம் மத்திய அரசு இருமொழிக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. முப்பது வருஷம் கழித்து, 1998 ஜூனில், கலிபோர்னியா வாக்காளர்கள் முன்மொழிவு 227ஐ ஏறத்தாழ 61 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினார்கள். இனிமேல் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்கும் ஆங்கிலத்தில்தான் பாடம். பெற்றோர் நேரில் வந்து விலக்குக் கேட்கலாம் என்று ஒரு சந்து மட்டும் விட்டார்கள். திராட்சைக்கொடி கவாத்து பண்ணிக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு அந்தச் சந்து எங்கே தெரியப்போகிறது.

1998 இலையுதிர்காலத்தில் ஐந்து வயதில் பள்ளி சேர்ந்த பிள்ளை 2008இல் பத்தாம் வகுப்பில் இருக்கும். என் வகுப்பில் பாதிப்பேர் அந்தப் பிள்ளைகள். ஐந்து வயதில் ஸ்பானிஷில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்க வேண்டியவர்களுக்கு அதை மறுத்துவிட்டு, பதினைந்து வயதில் ‘அந்நிய மொழி’ என்ற பெயரில் அதையே திருப்பிக் கொடுத்து, எழுத்துப்பிழைக்கு மார்க் குறைத்தார்கள். இதுதான் விஷயம். வகுப்பறைக்குள் இருந்துகொண்டு பார்த்தால் இது தெரியாது. அங்கே தெரிவதெல்லாம் ஒருத்தி சி வாங்குகிறாள், ஒருத்தன் ஏ வாங்குகிறான் என்பது.

ஏ வாங்கியவன் நான். சி வாங்கியவள் மெக்ஸிகோவின் வாஹாகா மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண். அவள் எழுத்தைப் பார்த்திருக்கிறேன். ‘இஸே’ (செய்தேன்) என்ற சொல்லில் உச்சரிக்கப்படாத ‘ஹெச்’ எழுத்தை விட்டுவிடுவாள், ‘ஸி’ போடவேண்டிய இடத்தில் ‘எஸ்’ போடுவாள். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷில் அவை காதுக்கு ஒன்றே. ‘பி’யும் ‘வி’யும் அவளுக்கு ஒரே ஒலி, ஸ்பானிஷ் பேசுகிற எல்லோருக்குமே ஒரே ஒலிதான். அழுத்தக் குறி எங்கே விழும் என்று தெரியாது. நானோ எல்லாவற்றையும் கண்ணால் கற்றவன், காதால் அல்ல. என் எழுத்தில் பிழை வராது. என்னால் ஒரு பாட்டியோடு இரண்டு நிமிஷம் பேச முடியாது, அது வேறு விஷயம். அதற்குப் பரீட்சை இல்லை.

எழுத்துப்பிழை போகட்டும், அவளுடைய சொற்களே தப்பாயின. ‘நீ சொன்னாய்’ என்பதற்கு ‘திஹீஸ்தெஸ்’ என்பாள். கடைசி ‘ஸ்’ஸுக்கு வெட்டு. ‘இருக்கட்டும்’ என்பதற்கு ‘ஐகா’ என்பாள். ‘ஆயா’ என்று திருத்தப்பட்டது. (ஆயா என்று முதல் தடவை கேட்டபோது எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. யாருக்கும் விளக்க முடியவில்லை.) ‘கொண்டுவந்தேன்’ என்பதற்கு அவள் பாட்டி வழியாக வந்த ‘த்ரூஹே’, ‘த்ராஹே’ என்று திருத்தம். இந்த த்ரூஹேயை செர்வாந்தெஸ் காலத்து எழுத்தில் சாதாரணமாகப் பார்க்கலாம். அவருக்குச் சரியானது வயல்காட்டுக்காரிக்குத் தப்பாகிறது. இடையில் என்ன நடந்தது? 1492இல் நெப்ரிஹா காஸ்தீலிய மொழிக்கு முதல் இலக்கணம் எழுதி அரசி இஸபெலுக்குச் சமர்ப்பித்தார், மொழியும் சாம்ராஜ்யமும் சேர்ந்தே நடப்பவை என்ற முகவுரையோடு. 1713இல் அரச கழகம் (ரியால் அகாதெமியா) தோன்றியது. அதன் இலச்சினை வாசகம் மொழியைச் சுத்தம் செய்வது, நிலைநிறுத்துவது, மெருகேற்றுவது பற்றியது. கேட்டால் ஏதோ தரை துடைக்கிற சோப்பு விளம்பரம் போல இருக்கும். அமெரிக்காவில் ஸ்பானிஷ் ஆசிரியர்களின் சங்கம் 1917இல் உருவானதும், அவர்கள் பத்திரிகையின் முதல் இதழிலேயே (1918) மத்ரித்திலிருந்து மெனெந்தெஸ் பிதால் எழுதியது வெளியாகி, எந்த ஸ்பானிஷைக் கற்பிக்க வேண்டும் என்று வழிகாட்டியது. பக்கத்து வீட்டில் ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருந்தவர்களைக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

பெற்றோர் சந்திப்பு நாளில் ஒன்று பார்த்தேன். கணக்கு வாத்தியாருக்கும் ஒரு தாய்க்கும் நடுவில் நின்று அதே பெண் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். வேறொருத்தியின் தாய், வேறொருத்தியின் மார்க். வாத்தியார் சொன்ன கடுமையை எங்கே தணிக்கவேண்டும், எதை அப்படியே சொல்லவேண்டும், தாயை உஸ்தேத் என்று விளித்து எப்படிப் பேசவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் அந்த ஸ்பானிஷை இலவசமாக எடுத்துக்கொண்டது. அதற்கு இடைநிலையா உயர்நிலையா என்று யாரும் தரம் பிரிக்கவில்லை.

இதுவரை சொன்னதைப் படிக்கிற நம் நண்பர்கள் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள் என்று தெரியும்: அப்படியானால் திருத்தாதே, மக்கள் மொழியே மொழி, இலக்கணம் ஆதிக்கம். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெண்ணிடமே சொன்னேன், ‘ஐகா தப்பில்லை, சரித்திரம் இருக்கு’ என்று. அவள் சொன்னாள்: “உனக்கு ஏ வந்தாச்சு, நீ பேசுவ.”

கிராம்ஷியை இங்கே நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. தூரினில் மொழியியல் படித்தவர். சார்தீனியாக்காரர், வீட்டுமொழி வேறு, பள்ளிமொழி வேறு என்பதை உடம்பில் அறிந்தவர். 1935இல், சிறைக் குறிப்பேடுகளின் கடைசியில், இலக்கணம் பற்றி எழுதினார். பேசுகிற ஒவ்வொருவருக்குள்ளும் தன்னறியாமல் இயங்கும் இலக்கணம் ஒன்று. எது சரி என்று தேர்ந்து நிலைநாட்டும் இலக்கணம் இன்னொன்று. இரண்டாவது எப்போதும் ஓர் அரசியல் காரியம் என்றார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. முசோலினி அரசின் கல்வி அமைச்சராக 1923இல் ஜெந்தீலே கொண்டுவந்த சீர்திருத்தத்தின் பின்னால், இலக்கணத்தைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை, மொழி இயல்பாக வரும் என்ற எண்ணம் இருந்தது. கேட்க முற்போக்காக இருக்கும். கிராம்ஷி அதைக் கிழித்தார். படித்த வீட்டுப் பிள்ளைக்கு அது வீட்டிலேயே வந்துவிடும். ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு வழி கிடையாது. இலக்கணத்தைக் கற்பிக்காமல் விடுவது அதை மேல்வர்க்கத்தின் தனிச்சொத்தாக ஆக்குவது. அந்தப் பெண் ஒரே வரியில் சொன்னது இதைத்தான்.

ஆகவே கேள்வி, திருத்துவதா வேண்டாமா என்பதல்ல. யாருடைய கையிருப்பிலிருந்து தொடங்குவது என்பது. வீட்டிலிருந்து மொழியோடு வரும் பிள்ளைகளுக்கென்று தனியான வகுப்புகள் அமெரிக்காவில் பல இடங்களில் உண்டு. குவாதலூப்பே வால்தெஸ் போன்றவர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்தே இதற்காக எழுதியும் வாதாடியும் வந்திருக்கிறார்கள். அங்கே காப்பிக்கடை உரையாடல் சொல்லித்தர மாட்டார்கள். எழுத்துக்கூட்டல், வாசிப்பு, மனு எழுதுவது, எந்த இடத்தில் எந்தப் பேச்சு என்பது. ஐகாவைத் தப்பு என்று சொல்லாமல், அது எங்கே செல்லும், எங்கே செல்லாது, யார் அப்படி ஆக்கினார்கள் என்று சொல்வார்கள். எங்கள் பள்ளியில் அந்த வருஷம் அப்படி வகுப்பு இல்லை.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. நெல்சன் ஃப்ளோரஸ், ஜோனதன் ரோஸா இருவரும் 2015இல் எழுதிய கட்டுரையில் ‘எந்த இடத்தில் எந்தப் பேச்சு’ என்ற இந்த நல்லெண்ண வாதத்தையே கேள்விக்குள்ளாக்கினார்கள். கேட்கிறவன் காது ஏற்கனவே இனத்தால் வடிவமைக்கப்பட்டிருக்கும்போது, பேசுகிறவன் எவ்வளவு சுத்தமாகப் பேசினாலும் அதில் குறை கேட்கும் என்றார்கள். ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான். ஜேன் ஹில் என்ற மானுடவியலாளர் 1990களில் சுட்டிக்காட்டினார்: வெள்ளைக்காரர் ‘நோ ப்ராப்ளெமோ’ என்று இல்லாத ஸ்பானிஷைப் பேசினால் அது நகைச்சுவை, ஸ்பானிஷ்காரர் ஆங்கிலத்தில் ஓர் ஒலி தவறினால் அது அறியாமை. குளோரியா அன்ஸல்துவா 1987இல் வந்த தன் புத்தகத்தில் பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடிவாங்கியதைப் பதிவு செய்திருக்கிறார். பல்கலைக்கழகத்திலும் உச்சரிப்பை மாற்றப் பேச்சு வகுப்பு எடுக்கவேண்டியிருந்தது. இருந்தாலும் ஃப்ளோரஸ்-ரோஸா வாதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் ‘அழுத்தக் குறி கற்றுப் பிரயோசனமில்லை’ என்று சொல்லக் கூடாது. அந்தக் கட்டுரையாசிரியர்களும் அப்படிச் சொல்லவில்லை. நம்மில் சிலர் அப்படி வாசிப்போம் என்பதால் சொல்கிறேன்.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். 2011இல் கலிபோர்னியா ‘இருமொழி எழுத்தறிவு முத்திரை’ என்று ஒன்றைச் சட்டமாக்கியது; இரண்டு மொழியில் தேர்ச்சி காட்டினால் பள்ளிப் பட்டயத்தில் ஒட்டுவார்கள். பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2016 நவம்பரில் முன்மொழிவு 58 ஏறத்தாழ 73 சதவீத ஆதரவோடு 227ஐக் கிட்டத்தட்ட முழுதாக ரத்துசெய்தது. நல்லதுதான். இருமொழி வகுப்புகள் திரும்ப வந்தபோது, பிள்ளை ஸ்பானிஷும் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆங்கில வீட்டுப் பெற்றோரும் இடம்பிடிக்க வந்தார்கள். இப்படிப்பட்ட வகுப்புகளில் மொழிக்குச் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் மற்றவர்களுக்கான பயிற்சிக் கருவியாகிவிடக் கூடாது என்று வால்தெஸ் 1997லேயே எச்சரித்திருந்தார்.

மூன்றாம் வருஷத்தின் கடைசிப் பாடம் சுப்ஹுந்திவோ. உறுதியான உலகம் ஒரு வினைவடிவத்தில். விருப்பம், பயம், சந்தேகம், இன்னும் வராதது எல்லாம் வேறொரு வடிவத்தில். ‘நீ வருகிறாய் என்று தெரியும்’ என்றால் ‘வியேனெஸ்’. ‘நீ வரணும்’ என்றால் ‘வெங்காஸ்’. ‘ஸ்பானிஷ் தெரிந்த டாக்டர்’ என்று ஒருவர் உண்மையில் இருந்தால் ஒரு வடிவம். அப்படி ஒருத்தர் இருப்பாரா என்று தேடிக்கொண்டிருந்தால் இன்னொன்று. ஆங்கிலத்தில் இது அநேகமாகச் செத்துப்போன விஷயம். ஆகவே வகுப்பில் ஆங்கிலப் பிள்ளைகள் விசும்பினார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அவர்கள் வீட்டுப் பேச்சில் பாதி இந்த வடிவத்தில்தான் நடந்தது.

‘ஓஹலா’ என்று தொடங்கி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். ஓஹலா என்றால் ‘ஆகட்டுமே’, ‘கடவுள் கூட்டட்டும்’. அரபியிலிருந்து, அல்லாவின் பெயரிலிருந்து வந்த சொல், எட்டு நூற்றாண்டு முஸ்லிம் ஸ்பெயினின் மிச்சம். நான் பாடநூல் பின்பக்கம் பார்த்து, நாளைக்கு மழை பெய்யாமல் இருக்கட்டும், பார்ட்டி நன்றாக நடக்கட்டும் என்று ஐந்து எழுதினேன். ஐந்துக்கு ஐந்து. 2009 வசந்தம் அது. வீடுகள் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன, தோட்டத்தில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் தாளில் முதல் வாக்கியம் ‘ஓஹலா கே ஐகா த்ரபாஹோ’ என்று இருந்தது. வேலை இருக்கணும். ஐகாவின் மேல் கோடு போட்டு, மேலே ‘ஆயா’ என்று எழுதி, அரை மார்க் குறைத்திருந்தார்கள்.